முப்பது நோன்பு

பள்ளிவாசல் அண்டாவில் நோன்புக் கஞ்சி கொதிக்கிற வாசனை, இஞ்சியும் ரம்பையிலையும் தேங்காய்ப்பாலுமாக, பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் சூலியா தெருவைக் கடந்து எங்கள் மாடி ஜன்னலுக்கு வந்துவிடும். ஊருக்கு நாவூறும். நான் எழுந்து ஜன்னலைச் சாத்துவேன். நாற்பதைத் தாண்டிவிட்டேன், என் மாதங்களே இப்போது வழி தவறி வருகின்றன. ஆனாலும் அந்த வாசனை வந்தால் எனக்குப் பதினேழு வயது, மதினிக்குப் பத்தொன்பது.

மதினி என் காக்காவின், அதாவது என் அண்ணனின், மனைவி. நாகப்பட்டினத்திலிருந்து இந்த மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அந்த இரண்டு வருஷத்தில் என் உம்மா அவளை ஒரு சொல் கடிந்ததில்லை. வயிற்றைத்தான் பார்ப்பார். முகத்தைப் பார்த்துப் பேசுவதை எப்போதோ விட்டிருந்தார்.

எங்கள் வீட்டில் மாதவிலக்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தொழுகை இல்லை என்போம். நோன்பு மாதத்தில், தொழுகை இல்லாத நாளில் பெண்ணுக்கு நோன்பும் இல்லை. அதற்காக ஆண்கள் பார்க்கச் சாப்பிட முடியுமா? பின்கட்டில் மூடி போட்ட சட்டியில் சோறு இருக்கும். முறை வந்தவள் பகலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, திருடியைப்போலத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். உம்மாவுக்கு, எனக்கு, துணி வெளுக்க வரும் அக்காவுக்கு, எல்லாருக்கும் அந்த மாதம் முறை வந்தது. மதினிக்கு வரவில்லை. முப்பது நோன்பையும் முழுதாகப் பிடித்தாள்.

அதைக் கவனித்தது நான். உம்மாவிடம் போய்ச் சொன்னதும் நான். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்.

"மதினி ஒரு நோன்புகூட விடல உம்மா. சட்டிப் பக்கமே வரல."

உம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்தே விட்டார். "அல்ஹம்துலில்லாஹ். வாயத் தொறந்து சொல்றாளா பாரு, கள்ளி."

பெருநாளன்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வட்டலப்பம் போனது. உம்மா மதினியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று மாலை துணி மடிக்கும்போது மதினி என்னிடம் மெல்லச் சொன்னாள். "எனக்கு அப்படித்தான் புள்ள. உம்மா வூட்லயும் வருஷத்துக்கு மூணு தடவ, நாலு தடவதான் வரும். இது என்னன்னு எனக்கே தெரியல. மாமிக்கிட்ட சொல்லிடவா?"

பூனைமுடியை நூலால் இழுத்து அவள் மேலுதடு சிவந்திருந்தது. அந்த முடிக்கும் அந்த வராத மாதத்துக்கும் ஒரே வேர் இருக்கலாம் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? பதினைந்து வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் நானே அறிந்தேன். கருமுட்டை முதிராமல் நின்றால் விலக்கு தள்ளிப்போகுமாம். ரத்தத்தில் கலக்கிற ஏதோ ஒரு சுரப்பு தாளம் தப்பிவிடுமாம். பெண் செய்த பிழை இல்லையாம். பதினைந்து வருஷம் பிந்தி வந்த அறிவை நான் எந்தச் சுவரில் கொண்டுபோய் மோதுவது?

அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: "சும்மா இருங்க மதினி. புள்ளயாத்தான் இருக்கும்."

சும்மா இருந்தாள்.

ஐந்தாம் மாதம் என்று வீடு எண்ணிக்கொண்டிருந்தபோது ரத்தம் வந்தது. பன்னிரண்டு நாள் நிற்கவில்லை. மலாய் மருத்துவச்சியை அழைத்து வந்தார்கள். எண்ணெய் தொட்டு வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தவள், "கோசோங்" என்றாள். காலி. விழுந்து போகவில்லை, இருந்ததே இல்லை என்றாள். சில உடம்புக்கு மாதம் இப்படித்தான், வேர் மருந்து தருகிறேன், பொறுத்துப் பாருங்கள், புருஷனையும் யாரிடமாவது காட்டுங்கள் என்றும் சொன்னாள்.

உம்மாவுக்கு முதல் சொல்லே போதுமாக இருந்தது. "எம் மவன எதுக்குக் காட்டணும்? பொய் சொன்னது அவனா?"

மதினி ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொல்ல வந்த வாயை அடைத்தவள் நான். கதவோரம் நின்றிருந்தேன். ஒரு வரி பேசியிருக்கலாம்.

காக்கா கெட்டவர் இல்லை. "கொஞ்ச நாள் ஊர்ல இருந்து உடம்பத் தேத்திக்கட்டும்லா" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. அடுத்த வருஷம் வேறு கல்யாணம் செய்துகொண்டார். வந்தவளுக்கு நாள் தவறாமல் வந்தது. அடுத்த எட்டு வருஷமும் தவறாமல் வந்தது. அப்போதும் அவரை யாரும் யாரிடமும் காட்டவில்லை.

மதினியைக் கப்பலேற்ற நானும் துறைக்குப் போனேன். ஊருக்குத் திரும்பும் ஒரு கணவன் மனைவியின் துணையில் அனுப்பினார்கள். தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சம்பான் படகுக்காரன் பெட்டியைத் தூக்க வந்தபோது எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"கடுதாசி போடுறேன் மதினி. நாந்தான் சொல்ல வேணாம்னேன்னு எல்லாத்தையும் எழுதிடுறேன்."

"எழுதாத புள்ள," என்றாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. ஊர்ல எங்க வாப்பாதான் சத்தமா வாசிச்சுக் காட்டணும்."