பெரியப்பா விழுங்கிய எச்சரிக்கை

பெரியப்பாவின் உயிரை நான்தான் காப்பாற்றினேன் என்று ராஜபாளையத்துச் சொந்தக்காரர்கள் இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள். பேசட்டும். அன்று அந்த வீட்டுக்கு நான் போனதே அவர் படும் பாட்டைக் கண்ணாரப் பார்க்கத்தான்.

எண்பதுகளின் நடுவில் அப்பாவுக்கு இருமல் விடவேயில்லை. மில்லில் வேலை, போதாததற்குப் பீடி. பெரியப்பாதான் மதுரைக்குக் கூட்டிப்போனார். டாக்டர் அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு அண்ணன்காரரிடம் மட்டும் பேசினார். எங்கள் பக்கம் அப்படித்தான். பெரிய வியாதி என்றால் நோயாளிக்கும் சொல்ல மாட்டார்கள், வீட்டுப் பெண்களுக்கும் சொல்ல மாட்டார்கள். ஆம்பளை ஒருத்தர் கேட்டு வயிற்றுக்குள் வைத்துக்கொள்வார். திரும்பி வந்த பெரியப்பா அம்மாவிடம், "நெஞ்சுல சளி கட்டிருக்கு, அம்புட்டுத்தான்" என்றார். அம்மா சுக்கும் மிளகும் இடித்தாள்.

சில வாரம் கழித்து அப்பாவின் இடது கால் மட்டும் வீங்கியது. கெண்டைக்கால் இறுகி, தொட்டால் சுட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டிருந்த நான் பார்க்க வந்திருந்தேன். பெரியப்பாவுக்கு ஆள் விட்டோம். காலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் கண்டேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "வாயு எறங்கிருக்கு. வெளக்கெண்ணெயச் சூடு பண்ணி நல்லா நீவி விடும்மா."

அம்மா நீவினாள். மறுநாள் காலை நீவிக்கொண்டிருக்கும்போதே அப்பா சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "ஏட்டி, நெஞ்ச அடைக்கு" என்றார். அவ்வளவுதான், சாய்ந்துவிட்டார்.

காரியம் முடிந்ததும் அந்த டாக்டரையே போய்ப் பார்த்தேன். "நுரையீரல் புற்றுநோய் இருந்தா ரத்தம் சீக்கிரம் உறையும்மா. ஒரு கால் வீங்கினா அமுக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்கன்னு உங்க பெரியப்பாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. கால்ல உறைஞ்ச கட்டி கழண்டு போய் நுரையீரலை அடைச்சிருக்கும்." நீவியதால்தானா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, வந்திருந்தால் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம் என்றார்.

பெரியப்பாவிடம் நேராகவே கேட்டேன். "மதுரைக்குத் தூக்கிட்டு ஓடுனா என்ன வியாதின்னு நீங்க கேப்பீங்க. அதான்..." என்று இழுத்தார். வியாதியை மறைக்கப் போய் எச்சரிக்கையையும் சேர்த்து விழுங்கிவிட்டார் மனுஷன். அம்மாவோ தன் கைபட்டுத்தான் அப்பா போனார் என்று நம்பினாள். டாக்டர் சொன்னதை எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை. சோறு பிசையும்போதுகூட அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படியே உருகிப் போய்ச் சேர்ந்தாள். பெரியப்பா நாசமாய்ப் போகட்டும் என்று சாமி சந்நிதியில் நின்றே சபித்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் பெரியப்பாவுக்கும் அதே வியாதி வந்தது. மகன்கள் அவரிடம் மறைத்தார்கள். கேள்விப்பட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். போய்ப் பார்த்தால் கட்டிலில் கிடக்கிறார், ஒரு கால் வீங்கியிருக்கிறது, பக்கத்தில் மருமகள் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறாள்.

நான் பேசாமல் இருந்தாலே போதும். செத்த நேரம் பேசாமல்தான் இருந்தேன். அந்தப் பெண் எண்ணெயில் விரலை விட்டாள். இவள் என்ன பாவம் செய்தாள் என்று தோன்றியது. ஆயுசுக்கும் தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருத்தி வேண்டுமா?

"கைய எடு!" என்று கத்தினேன். மகன்கள் தடுக்கத் தடுக்க அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "ஒங்களுக்கு நுரையீரல்ல புத்துநோய், பெரியப்பா. கால்ல ரத்தம் உறைஞ்சிருக்கு. இதத்தான் அன்னைக்கு நீங்க எங்ககிட்டச் சொல்லல."

அன்றே மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டு வீக்கம் வடிந்தது. அதற்குப் பிறகு சில மாதம் இருந்தார். நான் பழம் வாங்கிக்கொண்டு வாராவாரம் பஸ் ஏறினேன். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட ஏன் தாயி சொன்ன? ராத்திரி கண்ண மூட முடியல" என்று அழுதார்.

"எங்கப்பா என்னன்னு தெரியாமப் போனாரு. நீங்க தெரிஞ்சே போங்க" என்றேன். அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.