ஞ-வுக்கு ஆள் இல்லாத வருஷம்

என் மாமா எழுத்து செய்துகொண்டிருந்தார். எழுதிக்கொண்டிருந்தார் என்று திருத்திவிடாதீர்கள், செய்துகொண்டுதான் இருந்தார். அம்மாவின் தம்பி அவர். தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைகள் இருந்த ஒரு சந்தில், இரண்டு கம்ப்யூட்டரோடு, பத்திரிகை, போஸ்டருக்கு எழுத்துக் கோக்கும் டி.டி.பி. கடை வைத்திருந்தார். தூசி ஆகாது என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வார். ஜன்னல்களில் கறுப்புத் துணி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே குளிரும் இருட்டுமாக இருக்கும். பக்கத்துப் பட்டறையில் அரம் தேய்க்கிற சத்தம் மட்டும் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன்.

அப்போது ஊரில் எல்லாக் கடையிலும் அதே பத்துப் பன்னிரண்டு ஃபாண்டுதான். கல்யாணத்துக்கு எதுவோ கருமாதிக்கும் அதுவே. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. சொந்தமாக ஒன்று செய்யப்போகிறேன் என்று கிராஃப் பேப்பரும் காம்பஸுமாக உட்கார்ந்துவிட்டார். வட்டம், அரைவட்டம், நேர்கோடு. இந்த மூன்றைத் தவிர அதில் வேறு எதுவும் கிடையாது. ஓடுகிற நத்தம் பஸ்ஸில் இருப்பவனும் படித்துவிடுகிற மாதிரி தடித்த எழுத்து. காகிதத்தில் வரைந்து, கறுப்பு மை நிரப்பி, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஓரம் பிடித்து ஏற்ற வேண்டும். ஓர் எழுத்துக்கு ஒரு நாள் போய்விடும்.

கல்யாண வீட்டுக்காரர்கள் அதைச் சீந்தவில்லை. "பொண்ணு பேரு என்னப்பா தண்ணி டாங்கி மாதிரி உக்காந்திருக்கு?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். கடைசியில் அந்த எழுத்து கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குத்தான் போனது. அதிலும் இறந்தவரின் பெயருக்கு மட்டும். மற்ற விவரமெல்லாம் பழைய ஃபாண்டிலேயே இருக்கும். மாமாவும் எல்லா எழுத்தையும் ஒரேயடியாகச் செய்துவைக்கவில்லை. எந்தப் பெயர் வருகிறதோ அதற்கு வேண்டிய எழுத்தை அன்றைக்குச் செய்வார். செய்யாத எழுத்தைத் தட்டினால் திரையில் வெறும் கட்டம்தான் வரும்.

சுவரில் ஒரு அட்டை மாட்டியிருந்தார். அதில் எல்லா எழுத்தும் இருக்கும், செய்து முடித்ததற்குப் பச்சை டிக். அதாவது, ஒரு எழுத்துக்கு டிக் விழ வேண்டுமென்றால் அந்த எழுத்து உள்ள யாராவது போய்ச்சேர வேண்டும்.

"மாமா, ழ எப்ப வரும்?"

"குஜிலியம்பாறைப் பக்கம் பழனியப்பன்னு ஒரு அரிசி மில்காரர் இழுத்துக்கிட்டுக் கெடக்காராம். செத்த பொறு மருமகளே."

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். பத்து வயசு, பாவ புண்ணியம் ஏது? ழ அந்த அரிசி மில்காரர், மி சிறுமலை மிளகு வியாபாரி என்று எனக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் ஆள் தெரியும். ஞ மட்டும் வரவேயில்லை. எங்கள் மாதா கோயில் பங்கு ஜனங்களில் ஞ-வில் தொடங்கும் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த வருஷம் அவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. எனக்கு அது பெரிய குறையாக இருந்தது.

ஒரு நாள் பார்த்தால் பூ-வுக்கு டிக் விழுந்திருந்தது. யார் என்று கேட்டேன். "சும்மா போட்டேன்" என்றார் மாமா. சும்மா எதையும் போடுகிற ஆளா அவர்? பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒவ்வொரு சுவராகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பூ-வுள்ள போஸ்டர் ஒன்றுமே இல்லை. அடுத்த வாரம் ஞ-வுக்கும் டிக் விழுந்தது. மறுபடி சுவர் சுவராகத் தேடினேன். ஊரில் ஞ யாரும் சாகவில்லை.

ஞ-வும் பூ-வும் சேர்ந்து வருகிற பெயர் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். எங்கள் ரேஷன் கார்டில் அப்பா பெயருக்கு அடுத்த வரியில் இருந்தது அது.

மாமா டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அம்மாவின் பெயரைத் தட்டினேன். ஒரு கட்டம்கூட இல்லாமல், இருட்டறையில் கறுப்பாகத் தடித்து முழுசாக வந்து நின்றது. அந்த எழுத்தில் அதுவரை செத்தவர்கள் பெயரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சுவருக்கு அந்தப்பக்கம் அரம் தேய்ந்துகொண்டே இருந்தது. வீட்டில் தையல் மிஷின் முன்னால் அம்மா இருக்கிறாளா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

யோசிக்கவெல்லாம் இல்லை. மாமா செய்வதைப் பார்த்துப் பழகியிருந்ததால், ஞ இருந்த கட்டத்தைத் தேடிப் பிடித்து அழித்தேன். சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது, ஆமாம் என்றேன். அலமாரி ஃபைலிலிருந்து ஞ வரைந்த கிராஃப் பேப்பரையும் உருவி, சுக்குநூறாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். மறுபடி தட்டிப் பார்த்தேன். முதல் எழுத்து இருந்த இடத்தில் வெறும் கட்டம். இனி அம்மா சாக முடியாது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அம்மா பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, அம்மாவே என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாமா என்னைப் பார்க்காமல், "ஞ-வைக் காணோம்க்கா. எலி கடிச்சிருச்சு போல" என்றார்.

"எலிக்கு அது ஒண்ணுதான் ருசியா இருந்துச்சாக்கும்? ஏண்டி, எதுக்கு அழிச்ச?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இது செத்தவங்களுக்குப் போடுற எழுத்தும்மா."

மாமா எழுந்து போய், சரியாகத்தான் இருந்த ஜன்னல் துணியைச் சரிசெய்தார். அம்மாதான் சிரித்தாள்.

"அட கூறுகெட்டவளே! தையக்கடைக்குப் போர்டு வைக்கப் போறேன்டி. பஸ்ல போறவங்க கண்ணுக்குத் தெரிய வேணாமா? அதுக்குத்தான் இம்புட்டுப் பெருசா போடச் சொன்னேன்."

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. போர்டா! அதைச் சொல்லித் தொலைத்தால் என்னவாம் இந்த மாமா?

"அழிச்சவ நீதான? நீயே போடு" என்றாள் அம்மா. "எம் பேரு உன் கையால ஆரம்பிக்கட்டும்."

காம்பஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஞ லேசுப்பட்ட எழுத்தா? எங்கே வட்டம் முடிகிறது, எங்கே கோடு தொடங்குகிறது என்றே பிடிபடாது. நாலு தாள் வீணாயிற்று. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து தாள் நகராமல் பிடித்துக்கொண்டாள். கையைத் தூக்கியபோது அவளுடைய வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப்போனது. ஐந்தாவது தாளில் சரியாக வந்தது. மை காய்ந்ததும் அம்மா அதன் மேல் விரலை வைத்து, வளைவு வளைவாக ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"எம்புட்டு அழகா இருக்கு!"

தன் பழைய டிக்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு டிக் போடச் சொல்லிப் பச்சை ஸ்கெட்ச் பேனாவை மாமா என்னிடமே கொடுத்தார். அட்டையில் நான் போட்ட ஒரே டிக் அதுதான்.

போர்டு வரவேயில்லை. கேட்டால் பெயின்டர் ஊரில் இல்லை என்பாள் அம்மா. லைனிங் துணி எடுக்க மதுரைக்குப் போகிறேன் என்று வாராவாரம் அப்பாவோடு போய்விட்டு வெறுங்கையோடு வந்து படுத்துக்கொள்வாள். பூ-வுக்கு டிக் விழுவதற்கு முன்பே, டாக்டர் கையை விரித்த அன்றைக்கு அவள் கடைக்கு வந்து, "நா இருக்கும்போதே எம் பேரப் போட்டுருடா, பாத்துட்டுப் போறேன்" என்று தம்பியிடம் கேட்டாளாம். எனக்குக் கல்யாணமெல்லாம் ஆன பிறகுதான் மாமா இதைச் சொன்னார். இன்று எழுத்துதான் எனக்கும் தொழில். ஆயிரம் ஞ போட்டிருப்பேன், அந்த ஐந்தாவது தாள் மாதிரி ஒன்று வரவில்லை.

மாம்பழ சீசன் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள், காம்பவுண்டு சுவரில் வரிசையாகப் போஸ்டர் ஒட்டியிருந்தது. அம்மாவின் போட்டோ. கீழே பெயர். அழுதேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நான் முதலில் பார்த்தது ஞ-வை. மை கசியவில்லை. வட்டம் வட்டமாகவே இருந்தது. ரோட்டுக்கு அந்தப்பக்கம் போய் நின்று பார்த்தேன், அங்கிருந்தும் பளிச்சென்று தெரிந்தது.

பக்கத்தில் என் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்து, "அந்த மொத எழுத்து நான் போட்டது" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.