ஜெயினுலாப்தீனின் நீலம்

வைரத்தின் மேல் ஒரு முறை மூச்சு விடுகிறார் ஜெயினுலாப்தீன். ஆவி படர்ந்து கல்லின் மினுமினுப்பு அடங்குகிறது. அந்த ஆவி விலகுவதற்குள் உள்நிறத்தைப் படித்துவிட வேண்டும். படித்ததும் இடுக்கியால் தள்ளிவிடுவார்: வெள்ளை இடப்பக்கம், மஞ்சள் பூத்தது வலப்பக்கம். ஆபரா ஹவுஸ் பக்கம் ஒரு மூன்றாவது மாடியில், வடக்கு ஜன்னலோரம், இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. "ஜெயினு கி ஆங்க் மஷீன் ஹை", ஜெயினுவின் கண் ஒரு மஷீன், என்பது முதலாளி சேட்டின் வாக்கு. மஷீனுக்கும் வயசாகும் என்பதைச் சேட் இன்னும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிச் சந்தில் கேரம் ஆடுவார். பலகையில் பவுடரைத் தூவும்போது பேச்சு தவறாமல் ஹோப் வைரத்துக்குப் போய்விடும். கோல்கொண்டாப் பக்கத்து மண்ணில் கிடைத்து, பிரெஞ்சு ராஜாவிடம் போய், திருடுபோய், மறுபடி வெட்டுப்பட்டு, இப்போது அமெரிக்காவில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிற நீலக்கல்.

"இந்த போரிக் பவுடர் இருக்குல்லா வே, இதுல உள்ள போரான்தான் அந்தக் கல்லுக்கு நீலம். பத்து லட்சம் கரி அணுவுக்கு நடுவுல ஒண்ணோ ரெண்டோ. அம்புட்டுதான் அழுக்கு. சுத்தமான கல்லு வெறும் வெள்ளை. அழுக்கு விழுந்தது ராசா கழுத்துக்குப் போச்சு!"

எதிரே ஆடும் தையல்காரர் இசக்கிப்பாண்டி குறி பார்த்தபடியே சொல்வார்: "அப்பம் நம்ம தாராவி முழுக்க நீலமால்லா இருக்கணும், பாய்!"

வைரத்திலேயே காலம் கழித்தவர் மேஜைக்கு நீல வைரம் ஒன்றுகூட வந்ததில்லை. அவருடைய ஞானமெல்லாம் குர்லா பழைய பேப்பர் கடையில் வாங்கிய ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வந்தது. அதைப் படித்து அர்த்தம் சொன்னவர் அடுத்த மேஜைக்காரரான மாதுங்கா கிட்டு. புறஊதா விளக்கைக் காட்டி அணைத்தால் அந்தக் கல் கொஞ்ச நேரம் சிவப்பாகக் கனலும் என்ற இடத்தில் ஜெயினுலாப்தீன் அவரை மூன்று தரம் நிறுத்தி, திரும்பப் படிக்கச் சொன்னாராம். படம் இப்போது பீரோக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.

"எத்தனையோ குடியைக் கெடுத்த கல்லுன்னு இவுகளே சொல்லுதாக, இவுகளே கொண்டாந்து ஒட்டியும் வைக்காக" என்கிறார் மனைவி மெஹராஜ்.

"சாபமெல்லாம் விக்கிறவன் கட்டுன கதை" என்பார் இவர். ஆனாலும் தொழும்போது பீரோ மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

போன வருஷத்திலிருந்து படத்தின் மேல் ஒரு புகார். "மட்டமான மை. நீலமெல்லாம் சாம்பலாப் போச்சு."

"படம் அப்படியேதான் இருக்கு. உங்க கண்ணுலதான் பொரை விழுந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னா காதுல வாங்க மாட்டேங்கிய."

"ஆப்ரேஷன் பண்ணிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி குடுப்பான். சோடாபுட்டி போட்டவன் கையில எந்த சேட்டு கல்லைக் குடுப்பான்?"

ஆஸ்பத்திரிக்குப் பதிலாக, விடியற்காலை சுபுஹு தொழுததும் போரிக் தண்ணீரில் கண் கழுவுகிறார். வைரத்துக்கு நீலம் கொடுத்தது கண்ணுக்கும் கொஞ்சம் கொடுக்காதா என்ற கணக்கோ என்னவோ. கேட்டால் டாக்டர் சொன்னது என்கிறார். எந்த டாக்டர் என்றால் பேச்சு மாறுகிறது.

வைரப் பொட்டலத்துக்கு இரண்டு தாள். வெளியே தடித்த வெள்ளை, உள்ளே சலசலக்கும் மெல்லிய வெளிர்நீலம். நீலத்தின் மேல் மஞ்சள் கல்லும் வெள்ளையாகத் தெரியும். விற்கிறவன் அதில் வைத்துக் காட்டுவான். தரம் பிரிக்கிறவன் வெள்ளையில்தான் வைக்க வேண்டும். "நீலத்தாள்ல வச்சுப் பாக்குறவன் பாசிமணி விக்கப் போவலாம்" என்று புதிதாக வருகிறவர்களை அழவைத்தவர் ஜெயினுலாப்தீன்.

கிட்டுவைப் பார்க்க நான் போயிருந்த அன்று அவர் நீலத்தாளை விரித்து வைத்திருந்தார். கல்லுக்கு மேல் கல் இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளறையில் சேட் போனில் யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தார்.

கிட்டு எழுந்து வந்தார். கையில் ஒரு வெள்ளைத்தாள்.

"பாய், இந்தக் காயிதம் கசங்கிப் போயிடுத்து. மாத்திடறேன்."

தாள் கசங்கவில்லை. ஜெயினுலாப்தீன் அவரை நிமிர்ந்து பார்த்தார். கிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"ஆமா. கசங்கித்தான் கெடக்கு" என்றார் ஜெயினுலாப்தீன்.

எல்லாக் கல்லையும் ஒன்றாகக் கூட்டி, முதலிலிருந்து மூச்சு விட ஆரம்பித்தார். இடப்பக்கம் போயிருந்தவற்றில் ஒன்பது, இந்தத் தடவை வலப்பக்கம் போயின.

சேட்டுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த பொட்டலம் வந்தது. பிரித்தார். கல்லை ஓரமாகக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு, இரண்டு தாள்களையும் தனித்தனியே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. ஒன்றைக் காதருகே கொண்டுபோய், இரண்டு விரலால் லேசாகக் கசக்கினார். சலசலத்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றதை மேஜை மேல் விரித்தார்.