சுருங்கிப்போன பவளம்

மீன் செத்தால் மிதந்து சொல்லிவிடும். பவளம் செத்ததா, தூங்குகிறதா என்று கண்டுபிடிப்பதற்குள் நமக்கு வயதாகிவிடும். ஆரணியில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கிற எனக்கு இது தினப்பாடு. வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்து அவதிப்படும் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

கைப்பேசியில் வந்த நோயாளி

கஸ்தூரி கடைக்கு வந்து கைப்பேசியை நீட்டினாள். படத்தில் காளான் குடை போன்ற பவளம். குடைமேல் புல்லாய் அசைய வேண்டிய இழைகள் உள்ளே போய், மெழுகு பூசியதுபோல் மங்கிக் கிடந்தது.

தொட்டி அவள் மகள் ரேவதியுடையது. ரேவதி தானே தேர்ந்தெடுத்தவனை மணந்து தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து, வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்யும் அப்பா முனுசாமி அவளோடு பேசுவதில்லை. மாதம் ஒருமுறை அவள் வீடியோவில் கூப்பிட்டுப் பவளத்தைக் காட்டச் சொல்வாள். அந்தச் சாக்கில் அம்மா முகத்தையும் பார்த்துக்கொள்வாள்.

"இது போயிட்டா அவ எதைக் கேட்டு போன் பண்ணுவா, சொல்லுங்கம்மா."

சாமிப்படத்தின் இடமாற்றம்

இந்த வகைப் பவளம் அவ்வப்போது சுருங்கி, மேல்தோலை உரித்துவிட்டு மறுபடி விரியும். ஒரு வாரம் பொறுத்தோம். உரிக்கவில்லை. வீட்டுக்கே போனேன். உப்பு சரி, சூடு சரி, விளக்கும் சரி. தொட்டிக்கு மேலே சாமிப்படம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகைதான் தண்ணீரில் இறங்குகிறது என்று தீர்மானித்து, படத்தை அடுத்த அறைக்கு மாற்றச் சொன்னேன்.

பத்து நாளாயிற்று. பவளம் அப்படியே இருந்தது. முனுசாமி தறியைவிட்டு எழாமலே கேட்டார்:

"சாமியையே எடம் மாத்திட்டீங்க. அடுத்து தறிய மாத்தணுங்களா?"

வெறும் ஓடுகள்

தோற்றுப்போன மனத்தோடு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்கள் இரண்டும் சுகமாகத் திரிந்தன. மூலையில் நத்தைகள் மட்டும் வெறும் ஓடாகக் கிடந்தன. மீன் தாங்கி, நத்தையும் பவளமும் தாங்காத நஞ்சு ஒன்று உண்டு: தாமிரம். சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டேன். தாமிரம் இருக்கிறது என்று நீலம் பூத்தது.

தறியிலிருந்து செம்பு கலந்த ஜரிகைத் துண்டு ஏதாவது விழுந்திருக்குமோ என்று துழாவினேன். இல்லை. ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குப் பதில் யார் ஊற்றுவது என்று கேட்டேன். "கொறைஞ்சாதான ஊத்தறதுக்கு? அது கொறையறதே இல்லீங்களே" என்றாள் கஸ்தூரி. தறிச் சத்தம் நின்றது. முனுசாமி எழுந்து வந்து, சமையலறையில் பளபளவென்று நின்ற செப்புக்குடத்தைக் காட்டினார். மகள் கேன் தண்ணீர் ஊற்றுவாள். அவள் போன பிறகு, தினமும் காலையில் மனைவி வாசல் தெளிக்கும் நேரம் பார்த்து, குடத்திலிருந்து இரண்டு டம்ளர் இவர் ஊற்றிவந்திருக்கிறார். தண்ணீர் ஆவியாகிப் போயிற்று. தாமிரம் தங்கிச் சேர்ந்துகொண்டே வந்தது.

"கேன் தண்ணி அதுக்கு எப்படிங்க ஆகும்? நாம குடிக்கிற நல்ல தண்ணியதான் ஊத்திகினு இருந்தேன்."

குணமான காலை

தண்ணீரைச் சிறிது சிறிதாக மாற்றினோம். நஞ்சை உறிஞ்சக் கரித்துண்டுகள் நிரப்பிய பை போட்டோம். பவளத்துக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் ரேவதி தினமும் சாயங்காலம் கூப்பிட ஆரம்பித்தாள். அது கஸ்தூரி அடுப்படியில் நிற்கும் நேரம். கைப்பேசியைத் தொட்டிக்கு நேராகப் பிடிக்கும் வேலை முனுசாமிக்கு வந்தது. தன் முகம் தெரியாமல்தான் பிடிப்பார். முதலில் பேசவில்லை. பிறகு, "இன்னிக்கி கொஞ்சம் பரவால்ல" என்று பவளத்திடம் சொல்வதுபோலச் சொன்னார். அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுவிட்டுக் கஸ்தூரி என்னிடம் சொன்னாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் நான் போனபோது, தோல் நனைந்த காகிதம்போல் உரிந்து மிதந்தது. இழைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. ரேவதிக்குச் சொல்லலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். முனுசாமி அருகில் வந்து, அடுப்படிக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"இப்பவே சொல்லிடாதீங்கம்மா. நல்லாயிடுச்சின்னா தெனம் கூப்பிட மாட்டா."

நோயாளியைப் பிழைக்கவைத்துவிட்டு, அது வீடியோவில் தெரிந்துவிடக் கூடாதென்று சாயங்காலம் தொட்டி விளக்கை அணைத்துவைக்கச் சொன்ன கடைக்காரி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.