மாதுங்காவிலிருந்து செம்பூர்: நீலப் புகையோடு ஆறு மைல்

இந்த வலைப்பூவில் பத்ரிநாத் போனது, ராமேஸ்வரத்தில் மூன்று நாள் மழையில் மாட்டிக்கொண்டது எல்லாம் எழுதிவிட்டேன். போன பதிவின் கீழே ஒரு வாசகர், "பழைய கார் வாங்கியிருக்கிறேன், புகை வருகிறது, குடும்பத்தோடு வெளியூர் போகலாமா?" என்று கேட்டிருந்தார். அவருக்காக இதை எழுதுகிறேன். நடந்தது அறுபதுகளின் நடுவில், ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை. மாதுங்காவில் கிளம்பி, தாராவி வழியாகச் செம்பூர். தூரம் ஆறு மைல். ஆன நேரம் ஏழு மணி பத்து நிமிஷம்.

அந்தக் காலத்தில் புதுக் கார் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் செம்பூரில் பெஸ்தன்ஜி என்ற பார்சி பெரியவரிடம் ஒரு சின்ன இங்கிலீஷ் காரை வாங்கினேன். கரும்பச்சை நிறம், நாலு கதவு, முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போலப் பளபளப்பு. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

பெஸ்தன்ஜி சாவியைக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று: "எங்களுக்கு நெருப்பு தெய்வம். வீட்டில் யாரும் சிகரெட் தொட மாட்டோம். என் வண்டியும் அப்படித்தான், புகைக்காது." இரண்டு: "ஒரு மாசம் ஓட்டிப் பார். பிடிக்கவில்லையா, கடைசி நாள் சாயந்திரம் ஆறு மணிக்குள் கொண்டு வா. முழுப் பணமும் திருப்பித் தருகிறேன்." கூடவே ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். வண்டிக்கு என்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் கைப்பட இங்கிலீஷில் எழுதி வைத்தது. நான் அதைச் சஷ்டி கவசம் மாதிரி தினமும் படித்தேன்.

முதல் வாரமே வண்டி புகைத்தது. சும்மா இல்லை, கிங்ஸ் சர்க்கிளை ஒரு சுற்று சுற்றி வந்தால் நடுவிலிருந்த பூங்காவே மறைந்துவிடும்.

புகையைப் பார்த்து நோயைச் சொல்லலாம் என்று எங்கள் கட்டடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அதில் ஒருவரிடமும் சைக்கிள்கூடக் கிடையாது என்பது வேறு விஷயம். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, பெரிய செலவில்லை. வெள்ளை என்றால் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது, கவலைப்பட வேண்டும். நீலம் என்றால் இன்ஜின் எண்ணெயைக் குடித்து எரிக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும், காரின் பாதி விலை அதற்கே போய்விடும். ஆக, எல்லாம் நிறத்தில்தான் இருந்தது. ஆனால் ஓட்டுகிறவனுக்குத் தன் புகை தெரியாது. அந்த வேலையை என் மனைவி லலிதா எடுத்துக்கொண்டாள். பின் சீட்டில் முழங்கால் போட்டு, பின்கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொல்லுவாள். அவளுக்குத் தெரிந்த நிறமெல்லாம் புடவைக் கடையில் கற்றது.

பெஸ்தன்ஜி கொடுத்த மாசத்தின் கடைசி நாள், அந்த ஞாயிறு, முதலில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது என்று காலை பத்தரைக்குக் கிளம்பினோம். ஆறு மணிக்குள் வண்டி யாருடையது என்று தீர்ந்தாக வேண்டும். எனக்கோ திருப்பிக் கொடுக்க மனசே இல்லை. ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தவிர, அந்தப் பச்சை மேல் எனக்கு ஒரு பிரியமே விழுந்துவிட்டது.

"என்ன கலர்?" என்று கேட்டேன்.

"உடம்பு சாம்பல். பார்டர் ஆனந்தா கலர்."

"நீலமா இல்லையா, அதைச் சொல்லு."

"ஆனந்தான்னா நீலம்தானேன்னா. இப்போ கியர் மாத்தினேளே, அப்போ சுத்த மயில் கழுத்து. நன்னாத்தான் இருக்கு பாக்கறதுக்கு."

சயானில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். இருமி முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, "க்யா சாப், கிச்சன் சாத் மே லேகே சல்தா ஹை க்யா?" என்று கேட்டுவிட்டு, சமையலறையோடு ஊர்வலம் போகிறவனை விட்டுத் தொலைத்தார். அபராதம் இல்லை.

பதினொன்றரைக்குத் தாராவி. ஒன்றரை மைலுக்கு ஒரு மணி நேரம். வழியில் நாலு தடவை வண்டி நின்றது. பிளக்கில் எண்ணெய் படிந்து தீப்பொறி வரவில்லை. தோல் பதனிடும் இடங்களைத் தாண்டினால் ஒரு தகரக் கொட்டகையில் செய்யது பாயின் ஒர்க்‌ஷாப். மேலப்பாளையத்துக்காரர். பம்பாய் வந்து பதினைந்து வருஷம் ஆகியும் பேச்சு தாமிரபரணிக் கரையிலேயே இருந்தது. சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குத்தான் வந்தார். அதுவரை எதிர்க்கடையில் டீ, இரண்டு பேருக்கும் இருபது பைசா.

"என்ன அண்ணாச்சி, வண்டி வாரதுக்கு முன்னாடி புகை வந்து சொல்லிட்டுல்லா?" என்றபடி பானெட்டைத் திறந்தார்.

"ரிங் போயிடுத்தா பாய்? நேரா சொல்லிடுங்கோ, தாங்கிக்கறேன்."

அவர் வண்டிக்கு முன்னால் கைப்பிடியைச் செருகி இன்ஜினைச் சுற்றினார். நாலு சிலிண்டரும் ஒவ்வொன்றாகக் கையை எதிர்த்துத் தள்ளின. மறுபடி சுற்றினார். தலையைச் சொறிந்துகொண்டார்.

"ரிங்கு கல்லு கணக்கா இருக்கு. இந்த இன்ஜினை நான் சும்மா காலி பீலி இறக்கச் சொல்ல மாட்டேன். ஆனா எங்கயோ எண்ணெய் குடிக்கிது. எண்ணெய் எம்புட்டு ஊத்துதிய?"

"இன்ஜினுக்கா? குச்சியில இருக்கற கோடு வரைக்கும். ஒரு சொட்டு கூட இல்லே."

குச்சியை உருவிப் பார்த்தார். சரியாகக் கோட்டில் இருந்தது. லலிதா பக்கம் திரும்பினார். "அக்கா, எப்ப எப்பல்லாம் புகையுது? ஏத்தத்துலயா, எறக்கத்துலயா?"

"அதெல்லாம் இல்லை. சனிக்கிழமை ஆரம்பிக்கும். செவ்வாய், புதன் வரைக்கும் அமர்க்களம். வியாழக்கிழமை வெங்காயச் சருகாட்டம் லேசாயிடும். வெள்ளிக்கிழமை ஒண்ணுமே இருக்காது."

செய்யது பாய் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "கெழமை பாத்துப் புகையுதா?"

"நாலு வாரமா அப்படித்தான்."

"வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கு லீவு விட்டுருது போல. நல்ல வண்டி."

நான் சிரிக்கவில்லை. சனிக்கிழமை என்றால் யார் வேலை என்று எனக்கு முன்பே சந்தேகம் இருந்தது. இரண்டு வாரமாகக் கோவிலில் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு போட்டுக்கொண்டிருந்தேன். பலன் இல்லை. செய்யது பாய் பிளக்கெல்லாம் கழற்றித் துடைத்தார், குழாய்களைத் தட்டினார், அடியில் படுத்துப் பார்த்தார். நாலரை மணிக்கு எழுந்து, "செவ்வாய்க்கெழம வரைக்கும் வண்டிய விட்டுட்டுப் போங்க, கண்டுபிடிச்சிருதேன்" என்றார். எனக்கிருந்ததோ ஒன்றரை மணி நேரம்.

அந்த இடத்தில் என் புத்தி கெட்டுப்போனது. செம்பூர்க் கிழவர்தான் ஏதோ மருந்து போட்டுப் புகையை அடக்கி, என் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு கட்டினேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று கிளம்பினேன். செய்யது பாய் மூன்று ரூபாய் வாங்கிக்கொண்டு, கேட்காமலேயே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "இது என்னன்னு தெரியாம எனக்கு ராத்திரி தூக்கம் வராது அண்ணாச்சி."

செம்பூருக்கு நாலரை மைல். சயானிலிருந்து திராம்பே போகும் ரோடு அப்போது இரு பக்கமும் உப்பளமும் காலி நிலமுமாக இருக்கும். எங்களுக்குப் பின்னால் வந்த பஸ் முன்னே போகவும் முடியாமல், எங்களைப் பார்க்கவும் முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. லலிதா, "இப்போ கத்திரிப்பூ" என்றாள். அதற்கு என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஐந்து நாற்பதுக்கு பெஸ்தன்ஜி வீட்டு வாசல். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வண்டியை நிறுத்துவதற்குள் வெளியே வந்துவிட்டார். கையில் ஒரு கனத்த கவர். என் பணம்! நான் வாயைத் திறக்கும் முன்பே பணத்தோடு வருகிறார் என்றால் மனசில் குற்றம் இல்லாமலா? எனக்குக் கோபம் தலைக்கேறியது. எனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டி, "தும் ஹம்கோ டோபி பஹ்னாயா!" என்று கத்தினேன். எனக்குக் குல்லா போட்டுவிட்டாய் என்று பொருள். என்னைவிட இருபத்தைந்து வயது பெரியவரை 'தும்' என்று சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

அவர் கோபப்படவில்லை. பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். சொந்தக் குழந்தை சிகரெட்டோடு நிற்பதைப் பார்த்த மாதிரி இருந்தது அவர் முகம். "நோட்டில் எழுதியபடி செய்தாயா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு எழுத்து விடாமல் செய்தேன்!" என்றேன். "தினமும் தண்ணீர். திங்கள்கிழமை டயருக்குக் காற்று. சனிக்கிழமை ஆயில் பாத். நாலு சனிக்கிழமையும் தவறவில்லை. முதலில் நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பேன், பிறகு காருக்கு."

செய்யது பாய்தான் முதலில் நகர்ந்தார். பானெட்டைத் தூக்கி, இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கும் வட்டமான டப்பாவின் மூடியைக் கழற்றினார். காற்றைச் சுத்தம் செய்து உள்ளே அனுப்பும் டப்பா அது. அடியில் கொஞ்சம் எண்ணெய் நிற்கும், தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பெயர்தான் ஆயில் பாத். சனிக்கிழமை திறந்து அளவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும், ஊற்ற வேண்டியதே இல்லை. பெட்ரோல் பங்க்காரன் இடத்தைக் காட்டியிருந்தான். நான் குத்துவிளக்குக்கு விடுகிற மாதிரி வழிய வழிய விட்டிருந்தேன். இன்ஜின் அதைக் காற்றோடு இழுத்துக் குடித்துத் தீர்க்க நாலைந்து நாள் ஆகும். தீர்ந்ததும் அடுத்த சனிக்கிழமை வந்துவிடும்.

"எண்ணெய் எம்புட்டு ஊத்துதியன்னு நான் கேட்டேம்லா?" என்றார் செய்யது பாய், அழாத குறையாக.

"நீங்க சாப்பாட்டைக் கேட்டேள். இது குளியல்!"

லலிதா பின் சீட்டிலேயே சாய்ந்து, தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். செய்யது பாய் எண்ணெயைக் கவிழ்த்துத் துடைத்து, அடையாளம் வரை மட்டும் விட்டார். ஐந்து ஐம்பத்தைந்துக்கு வண்டியைக் கிளப்பினார். முதலில் மிச்சமிருந்த நீலம், பிறகு சாம்பல், பிறகு ஒன்றுமே இல்லை.

நான் பெஸ்தன்ஜியின் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது. வேண்டுமானால் இப்போதும் திருப்பிக் கொடுக்கலாம்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பணத்தில் ஒரு நோட்டைக்கூட அவர் தொடவில்லை. குற்ற உணர்ச்சியில் கவரை எடுத்து வரவில்லை, வண்டி திரும்பி வரும் என்ற ஆசையில் எடுத்து வந்திருக்கிறார். ஆனாலும் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

லலிதாதான் காரிலிருந்து இறங்கி வந்து, எனக்கில்லாத நல்ல இந்தியில் சொன்னாள்: "இவரை நம்பி வண்டியை விட முடியாது. சனிக்கிழமை ஆயில் பாத்தை நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள். காபி தருகிறேன்."

வந்தார். பதினொரு வருஷம், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. மூடியைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். பிறகு பானெட்டைத் துடைக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: நீலப் புகை என்றதும் இன்ஜினைப் பிரிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் நீங்கள் எங்கே, எதை, எவ்வளவு ஊற்றினீர்கள் என்று வெட்கப்படாமல் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். எந்தக் கிழமையில் புகைகிறது என்று எழுதி வையுங்கள். இன்றைய கார்களில் ஆயில் பாத் கிடையாது, அந்த ஆபத்து உங்களுக்கு இல்லை. அன்றைய மொத்தச் செலவு: பெட்ரோல் இரண்டு ரூபாய், டீ இருபது பைசா, மெக்கானிக் மூன்று ரூபாய். செம்பூரிலிருந்து தாராவி வரை செய்யது பாயை இலவசமாகக் கொண்டு விட்டேன்.

கடைசியாக ஒன்று. பெஸ்தன்ஜி போன பிறகு சில வருஷம் கழித்து, எனக்குக் கண் சரியில்லாமல் காரை விற்றேன். டோம்பிவிலியிலிருந்து வந்த ஓர் இளைஞன் வாங்கினான். ஒரு மாசத்துக்குள் எந்தக் குறை இருந்தாலும் கொண்டு வா, முழுப் பணமும் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பணத்தைக் கவரில் போட்டு மேஜை மேல் வைத்துக்கொண்டு, முப்பது நாளும் சாயந்திரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

பாழாய்ப்போன வண்டி, ஒரு நாள்கூடப் புகையவில்லை.