அப்பா எழுப்பிய இரவுகள்

என் அப்பா பச்சியப்பன் நல்லம்பள்ளிக்குத் தெற்கே இரண்டரை ஏக்கரில் தக்காளி வைத்திருந்தார். ஒன்பதாவது வரை படித்தவர். அம்மா இறந்தபோது நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. அதற்குப் பிறகு அவரே சமைத்தார், சுமாராக. இரண்டாவது கல்யாணம் பேச வந்தவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார். அதிகம் பேசமாட்டார். இந்த மாசியில் மாரடைப்பில் இறந்தார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் மகள் பிறந்த புதிதில் நடந்ததைத்தான் எழுத முடிகிறது. மற்ற வருடங்களில் அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில். மூன்றாம் மாதம்தான் தாயையும் பிள்ளையையும் அனுப்பிவைப்பார்கள். தாயே இல்லாத வீடு என்றால் என்ன செய்வது என்று வழக்கத்தில் இல்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் என் மாமியார், தன்னிடமே வந்துவிடச் சொன்னார். அப்பாவின் தங்கை காசியம்மாள் அத்தையும் அவர் பக்கம்தான்.

"ஏண்ணா, பொம்பள இல்லாத வூட்ல பச்ச ஒடம்புக்காரிய வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற? ஒனக்கு வெந்நி வெக்கத் தெரியுமா?"

"அவ ஆத்தா இருந்திருந்தா இங்கதான வருவா."

"ஆத்தா இருந்தா சரி."

"நான் இருக்கறன் இல்ல?"

பிரசவம் ஆனதும் அத்தையே உதவிக்கு வந்தாள். காலையில் வந்து குழந்தையைக் குளிப்பாட்டினாள், பத்தியம் சமைத்தாள். மாடு கறக்க வேண்டும் என்று பொழுது சாயும் முன்பே போய்விடுவாள். என் கணவர் அருண்குமாருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. ஞாயிறு மட்டும் வருவார். இரவில் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

மகள் குறை மாதத்தில் பிறந்தாள். எடை இரண்டு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. கிராம நர்ஸ் யுவராணி வீட்டுக்கே வந்து எடை போட்டார்.

"பசிச்சா அழும்னு விட்றாதீங்க. இது அழாது, தூங்கிடும். எடை ஏறற வரைக்கும் ராத்திரியும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ நீங்கதான் எழுப்பிப் பால் குடுக்கணும். பெரிய லைட் போடாதீங்க, கொஞ்சாதீங்க. துணி மாத்துங்க, உள்ளங்கால தேய்ங்க, முழிச்சதும் குடுங்க. ஏப்பம் வந்ததும் படுக்க வெச்சிடுங்க. ராத்திரின்னா என்னன்னு அதுவே கத்துக்கும்."

போனில் அலாரம் வைத்தேன். தூக்கத்திலேயே அணைத்துவிட்டுத் திரும்பப் படுத்தேன். இரண்டு இரவு இப்படிப் போனதும் அப்பா அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

கிணற்று மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் எங்கள் லைனுக்குச் சில வாரம் பகலில், சில வாரம் இரவில் வரும்; அந்த வாரம் இரவில். மின்சாரம் வந்ததும் மோட்டார் ஸ்டார்ட்டரில் பொருத்திய சிம்மிலிருந்து அப்பாவின் போனுக்கு அழைப்பு வரும். டார்ச்சை எடுத்துக்கொண்டு போவார். கிணற்றுத் தண்ணீர் எல்லாப் பாத்திக்கும் ஒரே நேரத்தில் போதாது. இரண்டு மணி நேரத்தில் ஒரு பகுதி நனைந்ததும் சொட்டுநீர் வால்வை மூடி அடுத்ததைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு முறை திருப்பிய பிறகும் வீட்டுக்கு வந்து என் அறை ஜன்னலுக்கு வெளியே நிற்பார். பால் கொடுக்கும் பெண் இருக்கும் அறைக்குள் அவர் வரமாட்டார்.

"சாமி, வால்வு மாத்திட்டேன். பாப்பாவ எழுப்பு."

"சரிப்பா."

போகமாட்டார். "குடிக்கிறாப்பா" என்று நான் சொன்ன பிறகுதான் செருப்புச் சத்தம் நகரும். ஒரு நாளில் நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் அவ்வளவுதான். சில இரவுகளில் காரணம் தெரியாமல் அழுதேன். ஜன்னலுக்கு வெளியே அவருக்குக் கேட்டிருக்கும். ஒரு முறை இருமுவார். பிறகு போய்விடுவார். அம்மா இருந்திருந்தால் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். அவரும் அதையே நினைத்திருக்கலாம்.

அந்த வாரம் எடை ஏறியது. அடுத்த வாரம் மின்சாரம் பகலுக்கு மாறியது.

அப்பா பகல் முழுவதும் தண்ணீர் கட்டினார், காய் பறித்தார், இரவு அயர்ந்து தூங்கினார். போன் அடிக்கவில்லை. ஜன்னலில் யாரும் கூப்பிடவில்லை. நான் தூங்கினேன். குழந்தையும் அழாமல் தூங்கினாள். பழகிவிட்டாள் என்று நாங்கள் இருவரும் நம்பினோம். நான் படித்தது மின்னியல். மின்சாரம் மாறியதும் எழுப்புவதும் நின்றுவிட்டது என்று எனக்கும் தோன்றவில்லை.

யுவராணி எடைத் தூளியில் குழந்தையை வைத்தார். முள்ளைப் பார்த்தார். எடுத்து மறுபடி வைத்தார்.

"ஏறலயே. ராத்திரி எழுப்பறீங்களா?"

அப்பா வாசலில் நின்றிருந்தார். "கரண்டு பகலுக்கு மாறிடுச்சும்மா" என்றார்.

நர்ஸ் சிரித்துவிட்டார். "ஏங்க, கொழந்தைக்கும் த்ரீ பேஸா?"

அத்தை சிரிக்கவில்லை. "நான் அப்பவே சொன்னனா இல்லையா? இது ஆம்பள பாக்கற வேலையா? தக்காளிச் செடியா இது?"

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை மாமியார் போன் செய்தார். "குத்தமா சொல்லலைங்க சம்பந்தி. அடுத்த வாரமும் ஏறலைன்னா வண்டியோட வந்து ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போறனுங்க."

"சரிங்க" என்று மட்டும் சொன்னார் அப்பா. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் பாதியில் போனால், அந்த வீடு எனக்குத் தாய் வீடு இல்லை என்று ஊர் சொன்னது உறுதியாகிவிடும். அவரால் அதைத் தாங்க முடியாது. என்னாலும்தான்.

அன்றிரவு ஜன்னலில் குரல் கேட்டது. "சாமி, பாப்பாவ எழுப்பு."

எழுப்பினேன். குழந்தை குடித்ததும் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வெளியே பார்த்தேன். தோட்டத்தில் டார்ச் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் ஓடவில்லை. வெளிச்சம் முதல் வால்வு அருகே குனிந்தது, நிமிர்ந்தது. அடுத்ததற்குப் போனது. அங்கேயும் குனிந்தது.

மறுபடி அவர் வந்தபோது கேட்டேன். "தண்ணியே வரல. எதுக்குப்பா வால்வைத் திருப்பற?"

"உக்காந்தா தூக்கம் வந்துடுது. வால்வத் திருப்பிக்கிட்டு நடந்தாதான் முழிச்சிருக்க முடியுது."

"நீ படுப்பா. நான் பாத்துக்கறேன்."

"பாப்பா குடிக்கிறாளா?"

"குடிக்கிறாப்பா."

செருப்புச் சத்தம் நகர்ந்தது.

அந்த வாரம் முழுவதும், பகலில் தண்ணீர் கட்டிய அதே வால்வுகளை இரவில் வெறுமனே திறந்து மூடினார். கண் சிவந்திருந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது தட்டின் முன்பே தூங்கிவிட்டார். படுக்கச் சொன்னால் கேட்கவில்லை. நான் ஜன்னலருகே நின்றுகொண்டே பால் கொடுத்தேன். ஜன்னல் வழியே அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேறு யாரும் இல்லை.

யுவராணி வந்தார். எடை போட்டார். "ஏறியிருக்கு. நல்லாவே ஏறியிருக்கு. இனிமே ராத்திரி அதுவா எழுந்தா குடுத்தாப் போதும்."

அத்தை குழந்தையை வாங்கி உச்சி முகர்ந்தாள். "ஒங்க தாத்தன் பொழச்சான் போ" என்றாள்.

அப்பா தன் தங்கையைப் பார்க்காமல் சொன்னார். "பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போன் போட்டுச் சொல்லிடு. மூணாம் மாசம்தான் அனுப்புவன்."

அப்படியே அனுப்பினார். நாங்கள் காரில் ஏறினோம். அப்பா கதவைச் சாத்திவிட்டுத் தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

இப்போது மறுபடி எனக்கு ஆறாம் மாதம். நல்லம்பள்ளி வீட்டின் சாவி அத்தையிடம் இருக்கிறது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். போன வாரம் மாமியார் ஓசூருக்கு வந்திருந்தார். நல்லவர். தலையைத் தடவிக்கொடுத்துக் கேட்டார்.

"இந்தத் தடவ எங்க வூட்டுக்கே வந்துடு கண்ணு. வேற எங்க போவ?"

"வரேங்க" என்றேன்.