குறட்டைக்கு அடுத்த கோப்பு

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை காலை, வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டில், ஒரு பொத்தானை யோசிக்காமல் அழுத்தினேன். அதன் பிறகு மூன்று மணித்தியாலம் நான் பட்ட பாட்டை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று சிரிப்பு வரவில்லை.

என் மனைவி நடன ஆசிரியை; எங்கள் வீட்டு முன்னறையில்தான் வகுப்பு. அவளிடம் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய, பழைய பாட்டுக் கருவி ஒன்று இருக்கிறது. அதற்குள், சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில், பரதநாட்டியத்துக்கான நீண்ட உருப்படியான ஒரு வர்ணம். அதைப் பாடியவர் அவளுடைய உயிர்த் தோழி. அவர் இப்போது இல்லை. அந்தப் பாட்டுக்கு வேறு பிரதி கிடையாது. நடன ஆசிரியைகள் பாட்டை வெளியே விடமாட்டார்கள். இன்றைக்கு ஒருவரிடம் கொடுத்தால், அடுத்த மாதம் பக்கத்துத் தெரு வகுப்பு அதற்கு ஆடிக்கொண்டிருக்கும். பிரதி எடுத்தால் கசியும் என்று இவள் பிரதியே எடுக்கவில்லை. சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் ஆண்டு விழா. மூத்த மாணவிகள் ஆடப்போவது அதே வர்ணத்துக்குத்தான்.

நான் என்ன செய்தேன்? நடைப்பயிற்சிக்குக் கேட்க நாலு சினிமாப் பாட்டு ஏற்றலாம் என்று கருவியை என் புது மடிக்கணினியில் செருகினேன். திரையில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு கேள்வி வந்தது. நீளமான கேள்விகளுக்கு நான் எப்போதும் சொல்லும் பதிலையே சொன்னேன்: ஆம். பிறகுதான் கேள்வியை வாசித்தேன். 'இதிலுள்ளதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றவா?'

வயரைப் பிடுங்கினேன். கருவி 'பாட்டு இல்லை' என்றது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் இல்லை. எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் விழட்டும் என்று தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். படித்த மனிதன்தான் நான்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அதைக் கொண்டு எங்கயப்பா வெளிக்கிடுறியள்?"

"பற்றரி மாத்த."

"பற்றரி நல்லாத்தானே கிடக்கு."

"நல்லாக் கிடக்கேக்கயே மாத்திப்போட வேணும்."

வெள்ளவத்தையில் திருத்தும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்தக் கடைக்காரரின் மகள் என் மனைவியிடம் படிக்கிறாள் என்று யார் கண்டது? நான் வீடு திரும்புமுன் செய்தி திரும்பிவிடும். ஆகவே கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது பிள்ளையாருக்குப் பதினொரு தேங்காய் நேர்ந்தேன். கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது அது ஐம்பத்தொன்றாகியிருந்தது.

ஒரு சந்துக்குள் சிறிய கடை. திருத்துகிறவர் என் வயதுப் பெண். கருவியைத் தன் கணினியில் செருகிச் சற்று நேரம் பார்த்தார்.

"அண்ணே, பாட்டு இல்லைன்னுதான் காட்டுது. ஆனா எடம் நெறஞ்சு கெடக்கு. பாட்டு போயிருந்தா எடமும் காலியாகணுமே?"

அழிந்தது பாட்டுகளின் பட்டியல் மட்டும்தான் என்றார். பாட்டுகளை யாரும் வெளியே எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்காதபடி, கருவியைச் செய்தவர்கள் அவற்றை மறைவான ஒரு கோப்புறைக்குள் வைத்திருப்பார்களாம். அதாவது, அவர்களும் என் மனைவியின் கட்சி. அவர் கணினியில் ஏதோ ஒரு அமைப்பை மாற்றினார். இல்லாத இடத்தில் மங்கலாக ஒரு கோப்புறை தோன்றியது. அதற்குள் ஆயிரத்துக்கு மேல் கோப்புகள். ஒன்றுக்கும் பெயர் இல்லை. நாலு நாலு எழுத்தாய், அர்த்தமில்லாமல்.

"ஒங்க பாட்டு எவ்வளவு நேரம் ஓடும்ணே?"

எனக்குத் தெரியாது. பதினாறு வருடமாக ஒவ்வொரு விழாவுக்கும் போகிறேன்; வர்ணம் தொடங்கியதும் மெல்ல வெளியே நழுவிவிடுவேன். ஒரு தேநீர், இரண்டு ரோல்ஸ், கிரிக்கெட் பற்றி ஒரு சண்டை. திரும்பி வந்தால் இன்னும் ஆடிக்கொண்டிருப்பார்கள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"அப்ப அரை மணிக்கு மேல," என்று கணக்குப் பார்த்து, கோப்புகளை அளவுப்படி அடுக்கினார். சினிமாப் பாட்டெல்லாம் கீழே போயிற்று. உச்சியில் இரண்டே இரண்டு பெரிய கோப்புகள். முதலாவதைத் தட்டிச் சத்தத்தையும் கூட்டிவிட்டார்.

கர்ர்ர் என்று ஏதோ உருண்டது.

"மிருதங்கமா அண்ணே?"

எனக்கும் விளங்கவில்லை. பிறகு, நடுவில் என் மனைவியின் குரல் தாழ்ந்து கேட்டது: "டொக்டர், இது கொஞ்சம் குறைஞ்ச நேரம்." வைத்தியரிடம் போட்டுக்காட்ட என் குறட்டையைப் பதிந்து வைத்திருக்கிறாள். ஐம்பது நிமிடம். உடைந்த போனோடு காத்திருந்த ஒருவர், "வீட்டில மற்ற ஆக்கள் எங்க படுக்கிறவை?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

இரண்டாவதைத் தட்டினார். தம்புரா. பிறகு அந்தக் குரல், தெளிவாக, முழுதாக.  பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவில் எடுத்துத் தந்தார். பின்னர், நான் கேட்காமலே, திரையை என் பக்கம் திருப்பித் தன் கணினியில் இருந்த பிரதியை அழித்துக் காட்டினார். "என் தங்கச்சியும் டான்ஸ் டீச்சர்தாண்ணே. இதெல்லாம் வெளிய போகக்கூடாது."

சனிக்கிழமை விழா நல்லபடி நடந்தது. திரும்பும்போது ஓட்டோவில் வைத்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.  அவள் கேட்டாள்:

"குறட்டையும் தப்பிட்டுதோ?"

"ஓம்."

"நல்லது. டொக்டருக்கு இன்னும் காட்டேல்ல."

அந்த வர்ணம் முப்பத்தெட்டு நிமிடம் ஓடுகிறது என்பது, அன்று மண்டபத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டு முன்னறையில் இத்தனை வருடமாக ஒலித்த ஒரு குரலை, அதை அழிக்கப் பார்த்த பிறகே முதன்முதலாக முழுதாகக் கேட்டேன். இப்போதெல்லாம் வகுப்பில் அது தொடங்கினால், என்ன வேலை இருந்தாலும் முடியும்வரை எழுந்து போக மனம் வருவதில்லை.